இரவில் தட்டப்பட்ட கதவு

நுழையும்முன்

வாழ்ந்து முடித்த பின்னர்த் திரும்பிப் பார்த்து வருந்தாத வாழ்வு எத்தகையது? தவறே நிகழாத வாழ்வு அன்று. துன்பமே காணாத வாழ்வும் அன்று. கண்முன் நேர்ந்த துயரத்திற்குத் தன்னால் இயன்ற விடையைச் செயலால் அளித்த வாழ்வே அத்தகையது. அவ்வாறு வாழ்ந்தவர் வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர். ஒரே இரவில் எடுத்த முடிவுக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உண்மையாய் இருந்த அப்பெருமாட்டியின் வாழ்க்கையை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

மரபின் நிழல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நகரில் புகழ்பெற்ற மருத்துவராக விளங்கியவர் ஜான் ஸ்கடர். வளம் மிக்க அத்தொழிலைத் துறந்து, 1819இல் மனைவியுடன் கப்பலேறி இலங்கையின் யாழ்ப்பாணப் பகுதிக்கு வந்து, சமயப்பணியையும் மருத்துவப்பணியையும் ஒருங்கே மேற்கொண்டார். பின்னர்ச் சென்னைக்கு வந்து தம் தொண்டைத் தொடர்ந்தார். அவருடைய புதல்வர் எழுவரும் தென்னிந்தியாவில் தொண்டு புரிந்தனர். அவர்களுள் இளையவரும் தந்தையின் பெயரையே தாங்கியவருமான ஜான் ஸ்கடரின் மகளாக, 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா சோபியா ஸ்கடர். உடன்பிறந்தோர் அனைவரும் ஆண்மக்கள். அவர் ஒருவரே பெண்.

ஐடாவின் குழந்தைப் பருவத்தில் தமிழகத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தனர். உணவை வாங்கக் கைநீட்டவும் வலுவற்றுக் கிடந்த குழந்தைகளை அச்சிறுமியின் கண்கள் கண்டன. பசியும் பிணியும் இறப்பும் நாளும் கண்முன் நிகழ்ந்தமையால், இந்திய வாழ்வென்றாலே அவருள்ளத்தில் ஒருவகை அச்சம் படிந்தது.

பின்னர்க் குடும்பம் அமெரிக்காவிற்குச் சென்றது. தந்தையும் அவரைத் தொடர்ந்து தாயும் பணியின் பொருட்டு இந்தியாவிற்குத் திரும்பினர். உறவினர் இல்லத்தில் விடப்பட்ட ஐடா, பெற்றோரைப் பிரிந்த துயரத்தை நெடுநாள் சுமந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்ஃபீல்டு பெண்கள் பள்ளியில் பயின்றபோது, குறும்பும் கலகலப்பும் மிக்க மாணவியாகத் திகழ்ந்தார். தம் குடும்பத்தார் அனைவரும் சென்ற வழியில் தாமும் செல்வதில்லை என்றும், அமெரிக்காவிலேயே வளமான இல்லறவாழ்வு வாழ்வதென்றும் அவர் உறுதி கொண்டிருந்தார். முன்னோரின் தொண்டு அவருக்குப் பெருமை தந்தது. ஆனால் அதனைத் தமக்குரிய கடமையாக அவர் கருதவில்லை.

மூன்று அழைப்புகள்

1890இல் தாயின் உடல்நலம் குன்றிய செய்தி வந்தது. அவருக்குத் துணையாகச் சிறிது காலம் இருந்துவிட்டு மீண்டுவிடலாம் என்னும் எண்ணத்துடன் ஐடா இந்தியாவிற்குப் புறப்பட்டார். பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் பணியாற்றி வந்தனர். தாயைப் பேணியும் பள்ளிச் சிறுமியர்க்குக் கற்பித்தும் நாள்களைக் கழித்த ஐடாவின் உள்ளம் கடல்கடந்த வாழ்வையே நாடியிருந்தது.

ஓரிரவு அவர் தம் அறையில் அமர்ந்திருந்தபோது வாயிலில் காலடியோசை கேட்டது. வந்தவர் அந்தண இளைஞர். முதற்பேறு காணவிருந்த அவருடைய இளம்மனைவி உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தாள். மருத்துவச்சியால் இயலாது போகவே, ஐடாவை அழைக்க வந்திருந்தார். தாம் மருத்துவம் பயின்றவர் அல்லர் எனவும், தம் தந்தையே தேர்ந்த மருத்துவர் எனவும் ஐடா எடுத்துரைத்தார். அயலான் ஒருவன் தம் மனைவியைப் பார்ப்பதற்கு அவ்விளைஞரின் குலவழக்கம் இடந்தரவில்லை. அவர் தலைகவிழ்ந்து திரும்பிச் சென்றார்.

சிறிது நேரத்தில் மீண்டும் காலடியோசை எழுந்தது. இம்முறை வந்தவர் ஓர் இசுலாமியர். அவர் மனைவிக்கும் அதே பேறுகாலத் துன்பம். ஐடாவின் தந்தை உடன்வர ஆயத்தமாக இருந்தும், குடும்பத்தைச் சேராத ஆடவர் எவரும் தம் மனைவியின் முகத்தைக் காணலாகாது என்று கூறி அவரும் மறுத்துவிட்டார். அவர் சென்ற பின்னர் மூன்றாவதாக இந்து சமயத்தைச் சார்ந்த மற்றொருவர் வந்தார். வேண்டுகோளும் அதுவே, மறுப்பும் அதுவே.

அன்றிரவு ஐடாவிற்கு உறக்கம் இல்லை. அழைப்புவிடை கொடுக்க மருத்துவர் ஒருவர் அதே வீட்டில் இருந்தார், மருந்தும் இருந்தது, மனமும் இருந்தது. எனினும் அம்மூன்று வீடுகளின் வாயிலைக் கடக்கத்தக்க ஒரு பெண் மருத்துவர் மட்டும் இல்லை. விடியற்காலையில் தெருவில் சாவுப்பறை ஒலித்தது. பணியாளை அனுப்பி வினவியபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டமை தெரியவந்தது.

விடியலில் ஒரு முடிவு

அம்மூவரின் இறப்பு ஐடாவின் குற்றம் அன்று. மருத்துவம் அறியாத இளம்பெண் ஒருத்தி அன்று எதுவும் செய்திருக்க இயலாது. ஆகவே, ஆறுதல் கூறிக்கொண்டு அவர் தம் வழியே சென்றிருக்கலாம். மாறாக, வாழ்நாள் முழுவதும் அதனை எண்ணி எண்ணிக் குமைந்திருக்கவும் கூடும். அவர் இவ்விரண்டையும் செய்யவில்லை. நெடுநேரம் இறைவேண்டலில் கழித்த பின்னர், அம்மூன்று அழைப்புகளும் இறைவன் தமக்கே விடுத்த அழைப்பு என்று தெளிந்தார். பெற்றோரிடம் சென்று, தாம் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, இந்தியப் பெண்களுக்குப் பணிபுரிய மீண்டு வருவதாக அறிவித்தார்.

கழிவிரக்கம் இருவகைப்படும். ஒன்று மனிதரை முடக்குவது. மற்றொன்று மனிதரைச் செயலுக்குத் தூண்டுவது. கடந்ததையே நோக்கி நிற்பவரை முன்னது பற்றிக்கொள்கிறது. இனி இறக்கவிருப்போரைக் காக்க இயலுமா என எண்ணுபவரிடம் அத்துயரே ஆற்றலாக மாறுகிறது. ஐடாவின் வாழ்வில் நிகழ்ந்தது இரண்டாவது. மாண்ட மூவரை மீட்க இயலாது என்பதை ஏற்றுக்கொண்டு, நான்காவது பெண்ணைக் காப்பதற்கான வழியை அவர் தேடினார்.

1895இல் பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகம் தொடங்கிய மருத்துவக் கல்லூரி பெண்களுக்கும் இடமளித்தபோது அங்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். பெண்கள் மருத்துவம் பயில்வது மேலை நாடுகளிலும் ஐயத்துடன் நோக்கப்பட்ட காலம் அது.

இந்தியாவிற்குத் திரும்புமுன், வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை அமைக்க நிதி திரட்டும் பொறுப்பு அவரிடம் அளிக்கப்பட்டது. செல்வர் இல்லம் ஒன்றில் அவர் தம் நோக்கத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையிலிருந்து அதனைச் செவியுற்றார் ஷெல் என்னும் முதிய வங்கியாளர். மறைந்த தம் மனைவியின் நினைவாக அவர் 10,000 டாலர் வழங்கினார். அக்கொடையுடனும், ஆனி ஹான்காக் என்னும் தோழியுடனும், 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா இந்திய மண்ணில் மீண்டும் கால்பதித்தார்.

ஒரு கட்டிலில் தொடங்கிய பணி

தந்தையின் வழிகாட்டுதலில் தொழில் பழகலாம் என ஐடா எண்ணியிருந்தார். ஆனால் அவ்வாண்டிலேயே தந்தை மறைந்தார். பட்டறிவு மிகுதியும் இல்லாத இளம்மருத்துவர் தனித்து நின்றார். மக்களும் உடனே அவரை நம்பி வரவில்லை. தந்தையிடம் வந்த நோயாளர்கள் மகளிடம் வரத் தயங்கினர்.

வேலூரில் தாம் தங்கியிருந்த வீட்டின் சிறிய அறையொன்றையே அவர் மருத்துவமனையாக்கினார். அங்கு இருந்தது ஒரே ஒரு கட்டில். வீட்டுப் பணியாளர் ஒருவரின் மனைவியான சலோமி அவருக்கு உதவியாளராக அமைந்தார். ஆனி ஹான்காக் வீடுவீடாகச் சென்று, வெளியே வர இயலாத பெண்களைச் சந்தித்துப் பழகினார். மெல்ல மெல்ல அச்சம் நீங்கியது. ஒருவர் நலம்பெற்றுச் சென்றால் பதின்மர் வந்தனர். இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளர்களுக்கு அவர் மருத்துவம் பார்த்தார்.

1902இல் நாற்பது படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கும் உடன்பணியாற்ற வேறு மருத்துவர் இல்லை. அறுவை மருத்துவத்தில் தமக்குப் போதிய பயிற்சி இல்லை என்று தயங்கிய ஐடா, நோயாளியின் உயிர் தம் தயக்கத்திற்காகக் காத்திராது என்பதை உணர்ந்து, கத்தியைக் கையிலெடுத்தார். செய்து செய்தே தேர்ந்தார். சாதியும் சமயமும் கேட்டு எவரையும் பிரிக்கவில்லை. அவருடைய தொண்டின் ஊற்று கிறித்துவின் மீது கொண்ட பற்று. ஆனால் அத்தொண்டின் பயன் எல்லாச் சமயத்தார்க்கும் உரியதாயிற்று.

சாலையோர மருத்துவம்

மருத்துவமனைக்கு வர இயலாதோர் ஊர்ப்புறங்களில் மிகுதியாக இருந்தனர். வண்டிக்கூலி கொடுக்க வழியின்றியும், நடந்துவர வலுவின்றியும் அவர்கள் நோயுடனே வாழ்ந்தனர். அவர்கள் வாராவிட்டால் மருத்துவமனையே அவர்களிடம் செல்லவேண்டும் என ஐடா முடிவு செய்தார். வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் வாரந்தோறும் குறித்த நாளில் அவர் புறப்பட்டார். தொடக்கத்தில் மாட்டுவண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் அப்பயணம் நிகழ்ந்தது.

குறித்த மரநிழல்களில் மக்கள் விடியற்காலை முதலே காத்திருப்பர். கண்ணோய், புண், கட்டி, காய்ச்சல், தொழுநோய் எனப் பலவகைப் பிணிகளுக்கும் அங்கேயே மருந்தளிக்கப்பட்டது. சிறு அறுவைகளும் மரத்தடியிலேயே செய்யப்பட்டன. கடும் நோயுற்றோர் வண்டியில் ஏற்றி வேலூருக்குக் கொண்டுவரப்பட்டனர். இன்று நடமாடும் மருத்துவமனை என்று நாம் வழங்கும் முறைக்குத் தமிழகத்தில் அமைந்த முன்னோடி முயற்சிகளுள் இதுவும் ஒன்றாகும்.

கற்பித்தலே காக்கும் வழி

பணி பெருகப் பெருக ஓர் உண்மை ஐடாவிற்குப் புலனாயிற்று. ஒரு மருத்துவர் எத்துணை உழைத்தாலும் ஒரு நாட்டின் பெண்கள் அனைவரையும் காத்துவிட இயலாது. அந்நாட்டுப் பெண்களே மருத்துவராகவும் செவிலியராகவும் உருவாகவேண்டும். செவிலியர் பணி இழிவாகக் கருதப்பட்ட அக்காலத்தில், 1909இல் அவர் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

அடுத்துப் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்க முனைந்தார். போதிய மாணவியர் வருவரா என அரசு அதிகாரிகளே ஐயுற்றனர். முதலாண்டில் வந்த விண்ணப்பங்களின் எண்ணிக்கை 151. இடமின்மையால் பலரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. 1918இல், முதல் உலகப்போர் இன்னும் முடிவுறாத நிலையில், மிகச் சில நூல்களையும் கருவிகளையும் கொண்டு எல்.எம்.பி. என்னும் பட்டயப் படிப்பிற்கான அப்பள்ளி தொடங்கியது. ஐடா தாமே கற்பித்தார். தாமே அறுவை செய்தார். தாமே நிருவாகமும் கவனித்தார். முதல் தொகுதி மாணவியர் அரசுத் தேர்வில் சிறப்பாகத் தேர்ச்சி பெற்றபோது, ஐயுற்றோர் வியந்தனர்.

பிறரிடம் ஏவல் கொள்வதைவிடப் பிறர்க்கு ஏவல் செய்வதே உயர்வு என்னும் கருத்தமைந்த விவிலியத் தொடர் அந்நிறுவனத்தின் குறிக்கோளாக அமைந்தது. 1928இல் வேலூருக்கு அண்மையில் மலையடிவாரத்தில் கல்லூரிக்கான புதிய வளாகப் பணி தொடங்கியது. அண்ணல் காந்தியடிகள் மருத்துவப் பள்ளிக்கு வருகைபுரிந்ததும் அவ்வாண்டில்தான்.

சோதனையும் மாற்றமும்

இருபதாண்டு உழைப்பின் பின்னர் பெருஞ்சோதனை ஒன்று வந்தது. பட்டயப் படிப்பை நிறுத்திவிட்டுப் பல்கலைக்கழகப் பட்டமாகிய எம்.பி.பி.எஸ். படிப்பை மட்டுமே நடத்தவேண்டும் என்று 1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு முடிவு செய்தது. மருத்துவக் கல்வியின் தரத்தை உயர்த்தும் அம்முடிவில் பிழையில்லை. ஆயினும் அதற்குத் தேவையான பேராசிரியர்களையும் ஆய்வகங்களையும் கூடுதல் படுக்கைகளையும் ஏற்படுத்தும் அளவிற்குப் பொருள்வளம் வேலூரில் இல்லை. பள்ளி மூடப்படும் நிலை உருவாயிற்று.

அப்போது ஐடாவின் அகவை எழுபதை நெருங்கியிருந்தது. ஓய்வு பெற்றிருக்கவேண்டிய வயதில், 1941இல் போர்க்காலக் கடற்பயணத்தையும் பொருட்படுத்தாமல் அவர் அமெரிக்காவிற்குச் சென்றார். ஊர் ஊராகப் பயணம் செய்து உரையாற்றி நிதி திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்புத் தொடங்கியது.

அச்சோதனையின் கடினமான பகுதி பொருளைப் பற்றியதன்று, கொள்கையைப் பற்றியது. கல்லூரியை நிலைபெறச் செய்ய வேண்டுமாயின், பல திருச்சபைகளும் ஒன்றிணைந்து பொறுப்பேற்க வேண்டும். ஆண்களையும் மாணவராகச் சேர்க்கவேண்டும் என்னும் கருத்து எழுந்தது. பெண்களுக்காகவே பெண்களால் நடத்தப்படும் கல்லூரி என்பது ஐடாவின் வாழ்நாள் கனவு. அதன் பொருட்டே அமெரிக்கப் பெண்கள் பலர் பல்லாண்டுகளாகப் பொருளுதவி செய்துவந்தனர். ஆண்களைச் சேர்ப்பது அவர்களுக்குச் செய்யும் இரண்டகம் என நெடுநாளைய ஆதரவாளர் சிலர் வருந்தினர். நட்பிலும் விரிசல் நேர்ந்தது.

ஐடா இருதலைக் கொள்ளி எறும்பானார். பழைய வடிவத்தைக் காத்தால் கல்லூரி அழியும். கல்லூரியைக் காத்தால் பழைய வடிவம் மாறும். திண்டிவனத்தில் அவர் கேட்ட அழைப்பு ஒரு நிறுவனத்தின் வடிவத்தைக் காப்பதற்கான அழைப்பன்று. நோயுற்றோரைக் காப்பதற்கான அழைப்பு. இத்தெளிவு பிறந்ததும் அவர் மாற்றத்தை ஏற்றார். பெண்களுக்கு உரிய இடம் குறையாதவாறு, 1940களில் கல்லூரி ஆண்களுக்கும் திறந்துவிடப்பட்டது. தாம் போற்றிய கனவின் ஒரு பகுதியைத் தம் கையாலேயே விட்டுக்கொடுத்தமைதான் அவர் செய்த பெரிய துறவு எனலாம்.

நிறைவு

1946இல் பொறுப்பிலிருந்து ஐடா விலகினார். பின்னர் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண் மருத்துவர் கல்லூரியின் தலைமையை ஏற்றார். தாம் தொடங்கிய பணியை இந்த நாட்டுப் பெண் ஒருவரே நடத்தக் காணும் பேறு ஐடாவிற்கு வாய்த்தது. தலைமையை விட்டு விலகிய பின்னரும் மாணவர்களுக்கு அன்னையாக விளங்கினார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் அவரைத் தாயாகக் கருதிய மக்கள் எண்ணற்றோர். முகவரியில் டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டுமே எழுதப்பட்ட மடல் ஒன்று தவறாது அவரிடம் வந்துசேர்ந்தது என்பர்.

தொண்டு செய்பவர் முகம் வாடியிருக்கவேண்டும் என அவர் கருதவில்லை. முதுமையிலும் டென்னிசு விளையாடினார்; கோடைக்கானலில் மலர்த்தோட்டம் வளர்த்தார். இளமையில் அவர் விரும்பிய வளமான அமெரிக்க வாழ்வு அவருக்குக் கிட்டவில்லை. அதனை இழப்பாக அவர் எண்ணியதுமில்லை. 1960ஆம் ஆண்டு மே மாதம் கோடைக்கானலில், தம் 89ஆம் அகவையில் அவர் இயற்கை எய்தினார். வேலூரில் நடைபெற்ற இறுதி ஊர்வலத்தில் எல்லாச் சமயத்தாரும் திரளாகக் கலந்துகொண்டனர்.

வினைத்தூய்மை என்னும் அதிகாரத்தில், பின்னர் நினைந்து வருந்த நேரும் செயல்களை விலக்குமாறு வள்ளுவர் அறிவுறுத்துகிறார். செய்யத் தகாததைச் செய்தலால் வருவது ஒரு வருத்தம். செய்யத் தக்கதைச் செய்யாது விடுதலால் வருவது மற்றொரு வருத்தம். அது முன்னதினும் நெடிது நிற்பது. கதவு தட்டப்படும் ஓசையைக் கேட்டும் கேளாதார்போல் இருந்துவிட்டால், பின்னர் எத்தகைய செல்வமும் அவ்வோசையை மறைக்காது. ஐடா தம் கதவைத் திறந்தார். அன்றிரவு ஏமாற்றத்துடன் திரும்பிச் சென்ற மூவர்க்கு ஈடாக, இன்று வேலூருக்கு நாள்தோறும் வந்து, நலம்பெற்றுத் திரும்புவோர் ஆயிரக்கணக்கினர். பெயர் தெரியாத அம்மூன்று பெண்களுக்கும் அவர் எழுப்பிய நினைவகம் அதுவே.

தெரிந்து தெளிவோம்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற மேரி வர்கீஸ் என்னும் பெண் மருத்துவர், 1954இல் நேர்ந்த விபத்தில் இடுப்பின்கீழ் உணர்விழந்தார். எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் முடங்கிய கைகளைச் சீர்செய்யும் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். பின்னர் மறுவாழ்வு மருத்துவத்தில் உயர்பயிற்சி பெற்று, அத்துறையை வேலூரில் வளர்த்தார். இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் சிறுநீரக மாற்று அறுவை மருத்துவம் 1971இல் இம்மருத்துவமனையில் நிகழ்ந்தது.

கற்பவை கற்றபின்

1. ஐடா ஸ்கடரின் வாழ்வில் திருப்புமுனையாக அமைந்த இரவு நிகழ்வை ஓரங்க நாடகமாக எழுதி வகுப்பறையில் நடித்துக் காட்டுக.

2. கல்லூரியில் ஆண்களைச் சேர்க்க ஐடா ஒப்பியது சரியா? இருவேறு கருத்துகளையும் முன்வைத்துக் கலந்துரையாடுக.

3. உங்கள் பகுதியில் மருத்துவப்பணியாற்றும் செவிலியர் ஒருவரைச் சந்தித்து, அவர் அப்பணியைத் தேர்ந்தெடுத்த காரணத்தைக் கேட்டறிந்து கட்டுரையாக்குக.